கெட்டிமேளமும் எம்பி3-யும்: பாட்டு ஏற ஏன் இவ்வளவு நேரம்?

"ஆயிரம் ஃப்ளாக் பாட்டுகளை பென்டிரைவில் போட்டால் பதினைந்து நிமிடத்தில் முடிகிறது. அதே ஆயிரத்தை மியூசிக் பிளேயருக்கு சிங்க் செய்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்கிறது. கேபிளை மாற்றலாமா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

கேபிளை விட்டுவிடுங்கள். ஃப்ளாக் என்பது ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கிய பெரிய கோப்பு. சிங்க் செய்யும் மென்பொருள் அதைச் சின்ன எம்பி3-யாக மாற்றிவிட்டுத்தான் பிளேயருக்கு அனுப்புகிறது. கணக்கைப் பார்ப்போம். நான்கு நிமிடப் பாட்டு விநாடிக்கு 128 கிலோபிட் எம்பி3-யாக மாறினால் 3.84 எம்பி (மெகாபைட்). விநாடிக்கு 10 எம்பி எழுதும் சுமாரான பிளேயருக்குக்கூட அது அரை விநாடி வேலைதான். பாட்டு ஓடும் வேகத்தைவிட 30 மடங்கு வேகத்தில் உங்கள் கணினி அதை மாற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், மாற்றத்துக்கு 8 விநாடி. ஆயிரம் பாட்டுக்கு 8,000 விநாடி, அதாவது இரண்டே கால் மணி நேரம். நகல் எடுப்பதற்கு மொத்தமே ஆறேழு நிமிடம். பென்டிரைவில் போடும்போது இந்த மாற்ற வேலையே கிடையாது. இருந்தது இருந்தபடி போகிறது.

தங்க முலாம் பூசிய யுஎஸ்பி கேபிள் பாட்டை வேகமாக, இனிமையாகக் கொண்டுபோகும் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டால் அதே பலன் குறைந்த செலவில் கிடைக்கும். நகலில் பிழை வந்தால் யுஎஸ்பி அதைக் கண்டுபிடித்து அந்தத் துண்டை மறுபடி அனுப்பிவிடுகிறது.

அந்த 8 விநாடியில் என்னதான் நடக்கிறது? சிடி ஒலியில் விநாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியை அளந்தெடுத்த எண்கள்), ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல்: 1,411 கிலோபிட். ஃப்ளாக் அதை ஒரு துளியும் இழக்காமல் சுருக்கியிருக்கும். விரிப்பது வெகு சுலபம், அதில் நேரம் போவதில்லை. எம்பி3-யோ அதே ஒலியை 128 கிலோபிட்டுக்குள், ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்குக்குள், அடக்க வேண்டும். பத்துப் பங்கைத் தூக்கி எறிய வேண்டும். எறிந்தது காதுக்குத் தெரியவும் கூடாது.

தாலி கட்டும் நேரத்தில் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் வருமே, ஏன்? யாராவது தும்மினாலோ வேண்டாத சொல் எதையாவது சொன்னாலோ காதில் விழக்கூடாது என்று. சகுனத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. ஒலியியல் மட்டும் நூற்றுக்கு நூறு சரி. பலத்த ஒலி, தனக்குப் பக்கத்து அதிர்வெண்ணில் உள்ள மெல்லிய ஒலியை மூடிவிடும். எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு மெல்லியது என்பதைக் காது ஆராய்ச்சியாளர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான எபர்ஹார்ட் ட்ஸ்விக்கர் காது கேட்கும் அதிர்வெண் பரப்பை 24 பட்டைகளாகப் பிரித்தது 1961-இல். எம்பி3 என்கோடர், அதாவது பாட்டை எம்பி3-யாக மாற்றும் மென்பொருள், இந்த அறிவைக் கொண்டு, ஒவ்வொரு நொடித்துண்டிலும் எந்தப் பட்டையில் எவ்வளவு இரைச்சல் ஒளிந்துகொள்ளலாம் என்று ஒரு வரம்பு போடுகிறது.

அடுத்து வருவதுதான் அழகு. பாட்டு 1,152 சாம்பிள் கொண்ட சட்டங்களாக (ஃபிரேம்) வெட்டப்படுகிறது. ஒரு சட்டம் 26 மில்லிவிநாடி. ஒவ்வொன்றும் இரண்டு பாதிகளாகி, ஒரு சேனலுக்கு 576 அதிர்வெண் எண்களாக உருமாறுகிறது. 128 கிலோபிட்டில் ஓர் எண்ணுக்குச் சராசரியாகக் கிடைப்பது 1.45 பிட்! ஒன்றரைகூட இல்லை. இந்தப் பஞ்சத்தில் எதற்கு எவ்வளவு கொடுப்பது?

எம்பி3 தரநிலையோடு வந்த மாதிரி என்கோடர் இதை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுழற்சிகளால் தீர்க்கிறது. உள்சுழற்சி கணக்குப்பிள்ளை. எண்களை முக்கால் அடுக்குக்கு ஏற்றி, ஒரு படி அளவால் வகுத்து, முழு எண்ணாக்கி, அடிக்கடி வரும் எண்ணுக்குக் குறைந்த பிட் தரும் ஹஃப்மன் அட்டவணையில் பொருத்தி எத்தனை பிட் ஆகிறது என்று எண்ணும். கூடிப்போனால் படியைச் சுமார் 1.19 மடங்கு பெரிதாக்கி மறுபடி எண்ணும். பட்ஜெட்டுக்குள் வந்தால் வெளிச்சுழற்சி வரும், அது காது. முழு எண்ணாக்கியதால் வந்த இரைச்சலை எம்பி3 தனக்கென்று வகுத்துக்கொண்ட 21 பட்டைகளிலும் அளந்து, முன்பு போட்ட வரம்போடு ஒப்பிடும். எந்தப் பட்டையில் இரைச்சல் மீறுகிறதோ, அந்தப் பட்டையின் எண்களைக் கொஞ்சம் பெருக்கிவிட்டு, "இப்போது எண்ணு" என்று கணக்குப்பிள்ளையிடம் திருப்பி அனுப்பும். எண்கள் பெரிதானதால் பிட் கூடும். பிட் கூடியதால் அவர் படியைப் பெரிதாக்குவார். படி பெரிதானதால் வேறு பட்டையில் இரைச்சல் எட்டிப் பார்க்கும். குட்டைப் போர்வை: தலையை மூடினால் கால் தெரிகிறது. எல்லாப் பட்டையும் வரம்புக்குள் அடங்கும்வரை, அல்லது இனி இழுக்கப் போர்வை இல்லை என்று ஆகும்வரை இந்த வழக்கு நடக்கும்.

நான்கு நிமிடப் பாட்டுக்கு இந்த வழக்கு சுமார் 36,750 முறை. 8 விநாடியில் முடிகிறதே என்றுதான் வியக்க வேண்டும்.

பிளேயரின் வேலை நேர்மாறு. அதற்குத் தீர்ப்பு மட்டும் வருகிறது: படி இவ்வளவு, பட்டைக்கு இவ்வளவு, எண்கள் இவை. படித்து, பெருக்கி, ஒலியாக்கினால் போதும். எதையும் தேட வேண்டாம். அதனால்தான் சின்னஞ்சிறு பேட்டரியில் ஓடும் சில்லுக்கு அது எளிதாகிறது. தரநிலை விதிப்பதும் படிக்கும் முறையை மட்டும்தான். எப்படி எழுதுவது என்பது என்கோடர் செய்பவர் பாடு. ஒரே 128-இல் ஒரு மென்பொருள் ஓடியும் இன்னொன்று ஊர்ந்தும் போவது இதனால்.

அதிர்வெண் எண்ணாக மாற்றும் கணிதத்துக்கு மூலம் கொசைன் உருமாற்றம். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது அதை ஆராய 1972-இல் அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்திடம் பணம் கேட்டார். மறுத்துவிட்டார்கள், யோசனை மிக எளிமையாகத் தெரிந்ததாம். நடராஜன், கே.ஆர்.ராவ் ஆகியோருடன் 1974-இல் அதை வெளியிட்டார். இன்று ஜேபெக் படத்துக்குள் இருப்பதும் அதுதான். "இதனால் என்ன பயன்?" என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் நிதிக் குழுக்கள் இந்த ஒரு கோப்பைச் சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம்.

சரி, பழுது பார்ப்போம். முதலில் பிளேயரின் கையேட்டைப் பாருங்கள். இன்றைய பிளேயர்கள் பல ஃப்ளாக்கையே நேரடியாகப் பாடும். இடமும் இருந்தால் மாற்றவே வேண்டாம், கோப்புகளை இழுத்துப் போட்டால் முடிந்தது. ஐபாடுக்கு ஐட்யூன்ஸ் பயன்படுத்துவோர், சாதனத்தின் சுருக்கப் பக்கத்தில் உயர் பிட்ரேட் பாட்டுகளை ஏஏசி என்ற இன்னொரு சுருக்க வடிவத்துக்கு மாற்றும் தேர்வுக்கு டிக் போட்டிருக்கிறதா பாருங்கள். என்றோ போட்டுவிட்டு மறந்திருப்போம். விண்டோஸ் மீடியா பிளேயரில் சாதனத்தின் பண்புகளில் உள்ள தர அமைப்பு இதே வேலையைச் செய்யும்: தரத்தை அங்கே குறைத்து வைத்தால், பிளேயர் பாடக்கூடிய எம்பி3-கூட மறுபடி சுருக்கப்படலாம். நேரமும் வீண், ஒலியும் இரண்டாம் முறை அடிபடுகிறது.

அடுத்து, டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். எட்டு லாஜிக்கல் பிராசசர் உள்ள கணினியில் சிபியு 12, 13 சதவீதத்திலேயே நின்றால், "சும்மாதானே இருக்கிறது" என்று ஏமாற வேண்டாம். எட்டில் ஒன்று முழு மூச்சாக உழைக்கிறது என்று பொருள். எம்பி3-இல் ஒரு சட்டம் மிச்சம் பிடித்த பிட்டை அடுத்த சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படி ஒன்றை ஒன்று சார்ந்திருப்பதால் ஒரே பாட்டைத் துண்டு போட்டுப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது கடினம். ஆனால் பாட்டுக்கொரு கோர் கொடுக்கலாம். ஃபூபார்2000 போன்ற மாற்றிகள் அதைத்தான் செய்கின்றன. நான்கு கோர் இருந்தால் இரண்டே கால் மணி நேரம் முக்கால் மணிக்கும் கீழே இறங்கும். பாட்டுகள் பழைய சுழலும் ஹார்டு டிஸ்கில் இருந்தால் ஒரே சமயத்தில் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். டிஸ்கைப் படிக்கும் தலை அங்குமிங்கும் ஓடியே களைத்துவிடும்.

சிபியு ஓய்வாக இருக்க டிஸ்க் 100 சதவீதம் காட்டினால் வைரஸ் தடுப்பானைச் சந்தேகிக்கலாம். புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு கோப்பையும் அது பிரித்துப் பார்க்கிறது. தற்காலிகக் கோப்புறைக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள், முழு டிரைவுக்கும் அல்ல. முதல் ஐம்பது பாட்டு பறந்து, பிறகு தள்ளாடினால் லேப்டாப் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். அடியில் காற்றுக்கு இடம் விடுங்கள், சார்ஜரைச் செருகுங்கள்.

லேம் என்ற எம்பி3 என்கோடரில் தரத்தைக் குறிக்கும் க்யூ எண் 0 என்றால் மிக மெதுவு, 9 என்றால் மிக வேகம். யாரோ சொன்னார்கள் என்று 0 வைத்தவர்களே அதிகம் காத்திருப்பவர்கள். 2 அல்லது 3 வையுங்கள். பேருந்தில் இயர்போனில் கேட்கும்போது வித்தியாசம் தெரியாது. 7-க்குப் போக வேண்டாம், அங்கே வெளிச்சுழற்சியின் இரைச்சல் பங்கீடு நடப்பதில்லை. மூலம் 96 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 96,000 சாம்பிள்) என்றால் 44.1-க்கு இறக்கும் வேலையும் சேர்கிறது. விகிதம் 320-க்கு 147 என்பதால் சாம்பிள்களுக்கு இடையே புதிய புள்ளிகளைக் கணக்கிட வேண்டும். 48-க்கு இறக்கினால் சரிபாதி, வேலை குறைவு. எம்பி3 அதையும் ஏற்கும்.

மாற்றும்போதே வெளியீட்டைப் பிளேயருக்குள் எழுதவிடாதீர்கள். என்கோடர் முடிவில் கோப்பின் தொடக்கத்துக்குத் திரும்பி நீளத்தையும் சட்டக் கணக்கையும் எழுதும். டேக் (பாட்டின் பெயர், பாடியவர் போன்ற விவரம்) சேர்க்கும்போது, முன்னால் இடம் போதாவிட்டால், கோப்பு முழுவதுமே மறுபடி எழுதப்படும். மலிவான ஃப்ளாஷ் இதில் திணறிப்போகும். கணினியின் எஸ்எஸ்டியில் தனிக் கோப்புறை வைத்து ஒரு முறை எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஆயிரம் பாட்டுக்கு 4 ஜிபி போதும். அடுத்த முறை புதிதாகச் சேர்ந்த பாட்டுகளை மட்டும் அதில் மாற்றிச் சேர்த்துவிட்டு, அந்தக் கோப்புறையை சிங்க் செய்யுங்கள்.