டீ டம்ளர் ஏன் சுடுகிறது?

பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் கடலில் இறங்குகிறார்கள். அப்படியும் கஞ்சிப்பாசியைப் பிடுங்கும்போது பாறை கிழித்துவிடும். தண்ணீருக்குள் அது பெரிதாகத் தெரியாது. சாயங்காலம் டீ டம்ளரைப் பிடிக்கும்போதுதான் சுரீர் என்று ஏறும். மற்ற விரல்களுக்கு இதமாக இருக்கும் சூடு அந்த ஒரு விரலுக்கு நெருப்பு.

விரலை இப்படி மாற்றியவை நொதிகள், அதாவது உடலில் வேதிவினைகளை நடத்தும் புரதங்கள். செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. காயம் பட்டதும் ஒரு நொதி அதிலிருந்து அராக்கிடோனிக் அமிலத்தை வெட்டி எடுக்கிறது. காக்ஸ் என்ற இன்னொரு நொதி வழியாக அது புரோஸ்டாகிளாண்டின் ஆகிறது. நரம்பு நுனியில் டிஆர்பிவி1 என்றொரு கதவு உண்டு; அது திறந்தால் 'சுடுகிறது' என்ற செய்தி மூளைக்குப் போகும். மிளகாய் அரைத்த கை எரிவதும் இதனால்தான். சாதாரணமாக 43 டிகிரி வாக்கில் திறக்கும் இந்தக் கதவு, புரோஸ்டாகிளாண்டின் சேர்ந்தால் உடல் சூட்டுக்கே திறந்துகொள்ளும். இந்தக் கதவைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கிறது என்று மருந்தியலாளர் ஜான் வேன் 1971இல் காட்டினார்; அது முடக்குவது காக்ஸைத்தான். ஆனால் வயிற்றின் உட்சுவரைக் காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். வெறும் வயிற்றில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். வயிற்றை விட்டுவிட்டு, காயத்தில் கூடும் காக்ஸ்-2 என்ற வகையை மட்டும் தடுக்க வந்த ரோஃபெகாக்ஸிப் என்ற மருந்து, மாரடைப்பு ஆபத்தால் 2004இல் சந்தையிலிருந்து போனது.

மார்ஃபின் வகை மருந்துகள் நொதியைத் தொடுவதில்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் வலியின் குரலை அமுக்குகின்றன, பழக்கத்துக்கும் அடிமையாக்குகின்றன. 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதித்த சுசெட்ரிஜின் என்ற வலி மருந்து அந்த வகையல்ல; வலிச் செய்தி கிளம்ப சோடியம் நுழையும் வலி நரம்பின் வாசலை மட்டும் அடைக்கிறது.

எனக்கு இதைவிடச் சுவாரஸ்யமாகப் படுவது வேறொரு வழி. அதே அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து வலியைத் தணிக்கும் பொருள்களையும் உடல் செய்கிறது. எபாக்சைடு ஹைட்ரோலேஸ் என்ற நொதி அவற்றைச் சிதைத்துவிடுகிறது. அந்த நொதியை நிறுத்தினால், நம் சொந்த மருந்து கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும். இதற்கான மருந்துகள் மனிதர்களிடம் சோதிக்கப்படுகின்றன.

வலியைத் தணிக்க உடலே செய்யும் அனந்தமைடு என்ற பொருளும் இதே குடும்பம்; 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்து வைத்த பெயர். அதைச் சிதைக்கும் நொதியைத் தடுக்க வந்த ஒரு மருந்தின் சோதனையில், 2016இல் பிரான்ஸில் ஒருவர் இறந்தார். மருந்து குறிவைத்த நொதியோடு நிற்கவில்லை. சின்னக் கண்ணி வலை குஞ்சு மீனையும் அள்ளுவதுபோல வேறு நொதிகளையும் சேர்த்துப் பிடித்திருந்தது.