எழுந்து நிற்பதற்குள் என்னென்ன நடக்கிறது

என் பாட்டி நாற்காலியை விட்டு எழும்போது இரண்டு கையையும் கைப்பிடியில் ஊன்றி, "முருகா" என்று சொல்லி, ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டுத்தான் அடியெடுத்து வைப்பார். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று வீட்டில் எல்லோரும் சொல்வோம். முதியவர்களோடு வேலை செய்யப் படிக்கிற எவரும் முதலில் கைவிட வேண்டியது இந்தப் பேச்சைத்தான். பாட்டி நின்ற அந்த ஒரு நொடியில் ரத்தக்குழாய், தசை, கண், முந்தின ராத்திரி போட்ட மாத்திரை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. அவற்றில் எது முதுமை, எது நோய், எது பழக்கம் விட்டுப்போனதால் வந்தது என்று பிரித்தறிவதே முதியோர் மருத்துவம்.

ரத்தத்திலிருந்து தொடங்குவோம். நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் குறைந்ததை அவை மூளைக்குச் சொன்னதும் இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தக்குழாய்கள் சுருங்கும். இளம் வயதில் இத்தனையும் நமக்குத் தெரியாமலே முடிந்துவிடும். வயது ஏற ஏறத் தமனியின் சுவர் விறைத்துப்போவதால் அந்த முனைகள் மந்தமாகின்றன. எழுந்து 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளியோ கீழ் அழுத்தம் 10 புள்ளியோ இறங்கினால், தலை சுற்றி விழும் ஆபத்து உண்டு என்று மருத்துவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே முதியவருக்கு உட்கார வைத்து மட்டும் பிபி பார்த்தால் போதாது. படுக்க வைத்துப் பார்த்து, நிற்க வைத்தும் பார்க்க வேண்டும். கூட்டம் நெரிகிற ஓபியில் முதலில் விட்டுப்போவது இதுதான். அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம், ஏனென்றால் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர் பலர் பழையபடி நடப்பதே இல்லை.

சரி, தசைக்கு வருவோம். நம்மைத் தூக்கி நிறுத்துவது தொடையின் முன்பக்கத் தசை. தசையில் மெதுவாக நெடுநேரம் உழைக்கும் நார்களும் உண்டு, சட்டென்று வேகம் கொடுக்கும் நார்களும் உண்டு. முதுமையில் அதிகம் இழப்பது வேக நார்களைத்தான். கால் இடறியதும் மறுகாலை முன்னே வீசித் தாங்கிக்கொள்வது அந்த நார்களின் வேலை என்பதால், முன்பு வெறும் தடுமாற்றமாகப் போனது இப்போது விழுவதில் முடிகிறது.

ஆனால் இந்த இழப்பு முழுக்க வயதின் கணக்கல்ல. சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமானவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்தார்கள். கால்களில் மட்டும் கொழுப்பு நீங்கலாக ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்துவிட்டது. காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் நடக்க முடியாமல் வீடு திரும்புவது இப்படித்தான். மறுபக்கமும் பாருங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையுள்ள சிலருக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்து, 1990-ல் முடிவை வெளியிட்டார்கள். எட்டே வாரத்தில் அவர்களின் கால் வலு சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. தொண்ணூறிலும் தசை வளர்கிறது!

அப்புறம் மாத்திரை. வயதாகும்போது உடலில் கொழுப்பின் பங்கு கூடுகிறது, சிறுநீரகம் வடிகட்டும் வேகம் குறைகிறது. டயாசிபாம் என்ற பழைய தூக்க மருந்து கொழுப்பில் கரையக்கூடியது. அதன் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய 20 வயதில் சுமார் 20 மணி நேரம் ஆகும். 80 வயதில் சுமார் 90 மணி நேரம். தினமும் ஒன்று போட்டால் நேற்றையது, முந்தாநாளையது எல்லாம் சேர்ந்து நிற்கும். காலையில் தள்ளாடுகிறவரைப் பார்த்து நாம் "வயசு" என்கிறோம். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்வது இந்தத் துறையின் நல்ல வழக்கம். அதில் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த சளி மாத்திரையும் இருக்கும்.

மாணவர்கள் கற்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. 1991-ல் வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருப்பதாக எடுத்துக்கொள்வது வழக்கம். கடிகாரத்தை விட அவரைக் கவனிப்பது முக்கியம். கையை ஊன்றினாரா, முதல் அடி தயங்கியதா, திரும்பும்போது எத்தனை குட்டி அடி வைத்தார் என்று பார்க்க வேண்டும்.

முதுமையை மாணவர்களுக்கே உடுத்திக் காட்டும் உடையும் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடம் ஒன்று செய்த 'ஆக்னஸ்' அப்படிப்பட்டது. மூட்டுகளை இறுக்கும் பட்டைகள், மஞ்சள் கண்ணாடி, தரை உணர்வை மழுக்கும் காலணி எல்லாம் அதில் உண்டு. அரை மணி நேரம் போட்டுப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் நாற்பது வருடத்தில் மெல்ல வருவதை அது ஒரே நொடியில் தலையில் இறக்குகிறது. அந்த வருடங்களில் முதியவர் கற்றுக்கொண்ட சாமர்த்தியம் அந்த உடைக்குள் இல்லை. ஒரு பாட்டியோடு ஒரு மத்தியானம் உட்கார்ந்திருப்பதே மேலான பாடம் என்பேன்.

இந்தியாவில் இந்தப் படிப்புக்கு வழி போட்டது சென்னை. அரசு பொது மருத்துவமனையில் 1978-ல் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு வந்தது. 2024-ல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. மருத்துவர் மட்டும் போதாது. செவிலியர், பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர், சமூகப் பணியாளர், வீட்டில் வந்து பார்த்துக்கொள்பவர் எல்லோருக்கும் இந்தக் கண் வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் முழங்காலைத் தொடும் முன்பே, "பாட்டி, நீங்க எப்பவும் எதுல உட்காருவீங்க?" என்று கேட்டார். நாற்காலி தாழ்வாக இருந்தது. இருக்கை தாழத் தாழத் தொடைக்கு வேலை கூடும் என்று சொல்லி, ஆசாரியை வைத்து நான்கு காலுக்கும் இரண்டு அங்குலம் கட்டை கொடுக்கச் சொன்னார். மறுநாள் சாயங்காலம் பாட்டி கையை ஊன்றாமல் எழுந்தார்.