ஹீட் மீட்டரின் செப்புக் குழாய் வயர் அல்ல

சென்ற வாரம் மேட்டுப்பாளையத்தில் உள்ள எங்கள் பட்டறைக்கு ஒரு பழைய டீசல் ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். இந்த ஆண்டில் இதே காரணத்துக்காக வந்த மூன்றாவது வண்டி அது. கோத்தகிரி மலைப்பாதையில் ஏறும்போது ரேடியேட்டர் தண்ணீர் கொதித்து, எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கெட் போய், அந்த ஹெட்டும் வளைந்திருந்தது. ஓட்டியவர் கவனக்குறைவானவர் அல்லர். ஒவ்வொரு வளைவிலும், எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டரைப் பார்த்துக்கொண்டேதான் ஏறியிருக்கிறார். ஆனால் முள் கடைசி வரை அடியிலேயே கிடந்திருக்கிறது. இரண்டு மாதங்களுக்கு முன்பு புதிதாக வாங்கி மாட்டிய மெக்கானிக்கல் மீட்டர் அது. டேஷ்போர்டைக் கழற்றியபோது, அதன் மெல்லிய செப்புக் குழாய் நடுவில் வெட்டப்பட்டு, ஈயத்தால் ஒட்டப்பட்டு, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றப்பட்டிருந்ததைக் கண்டோம்.

பழைய வண்டிக்கு மெக்கானிக்கல் மீட்டர் நல்ல தேர்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. சென்சார் பழுதாகி, வயரிங் இற்றுப்போய், மின்சார மீட்டர் ஒரு நாள் ஒன்றைக் காட்டி மறுநாள் வேறொன்றைக் காட்டும் வண்டிகளுக்கு நானே அதைப் பரிந்துரைக்கிறேன். என் மனவேதனையெல்லாம் அதை மாட்டும் விதத்தைப் பற்றியதுதான்.

மின்சார மீட்டரில் சென்சாருக்கும் மீட்டருக்கும் இடையே ஓடுவது வயர். அது நீளமாக இருந்தால் வெட்டலாம், குறைவாக இருந்தால் ஒட்டுப் போடலாம். மெக்கானிக்கல் மீட்டரின் குழாயையும் பலர் அதேபோல நினைத்துவிடுகிறார்கள். மேலே சுருள்கம்பி சுற்றியிருப்பதால் பார்வைக்கும் அது தடித்த வயர் போலவே இருக்கிறது. ஆனால் அதில் மின்சாரம் ஓடுவதில்லை. மீட்டருக்குள் எரியும் சிறு விளக்கைத் தவிர இதில் பேட்டரிக்கு வேலையே கிடையாது. நுனியில் உள்ள குமிழுக்குள் ஈத்தர் போன்ற, எளிதில் ஆவியாகும் திரவம் இருக்கிறது. தண்ணீர் சூடாகும்போது அந்த ஆவியின் அழுத்தம் கூடி, மயிரிழை போன்ற துளை வழியே மீட்டர் வரை சென்று முள்ளைத் தள்ளுகிறது. குமிழ், குழாய், மீட்டர் மூன்றும் தொழிற்சாலையிலேயே அடைத்து மூடப்பட்ட ஒரே பொருள். எங்கே வெட்டினாலும் அழுத்தம் அந்த நொடியே போய்விடும். ஈத்தர் சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் திரவம் என்பதால், நீங்கள் ஈயத்தைச் சூடாக்கும் முன்பே உள்ளிருப்பது கசிந்து போயிருக்கும். மீதமிருக்கும் ஆவியோ தீப்பற்றக் கூடியது. எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் அதன்பின் அது வெறும் செப்புக் குழாய்தான். முள் என்றைக்கும் குளிர்ந்த பக்கத்திலேயே நிற்கும், ஓட்டுபவரும் அதை நம்பி ஓட்டுவார். மீட்டரே இல்லாத வண்டியில் ஓட்டுநர் தண்ணீரைப் பற்றிச் சற்றேனும் கவலைப்படுவார். இங்கே அந்தக் கவலையும் போய்விடுகிறது.

வெட்டுவதற்கு என்ன தேவை வருகிறது என்று விசாரித்தால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையே உள்ள தகட்டில் வயர் நுழையும் அளவுக்குச் சிறு துளை போடுகிறார்கள். பிறகுதான் குமிழும் அதன் நட்டும் அதில் நுழையாது என்பது தெரிகிறது. தயவுசெய்து முதலில் குமிழையும் நட்டையும் அளந்து, அவை தாராளமாக நுழையும் துளையைப் போடுங்கள். குழாய் தகட்டில் உரசி அறுந்துவிடாமல் இருக்க, ஓரம் கீறிய ரப்பர் புஷ்ஷைத் துளையில் பொருத்துங்கள். குழாய் நீளமாக இருக்கிறது என்றால் அதைச் சுருட்டி வையுங்கள். உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு மூன்று சுற்றுகளாகச் சுருட்டி எஞ்சின் பக்கத்தில் விடுவது எப்படியும் அவசியம். எஞ்சின் தன் மவுண்டிங் மேல் ஆடுகிறது, டேஷ்போர்டோ பாடியோடு நிற்கிறது, இரண்டுக்கும் இடையிலான அசைவை அந்தச் சுருள்தான் தாங்க வேண்டும். குழாயைக் கூர்மையாக மடித்தால் உள்துளை நெரிந்து அடைபடும். எஞ்சினின் சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஃபேன், ஆக்சிலரேட்டர் கம்பி, பேட்டரி முனை ஆகிய எதன் அருகிலும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

குமிழை எங்கே இறக்குவது என்பதிலும் அவசரம் கூடாது. பழைய சென்சார் இருந்த துளையே பெரும்பாலும் நல்ல இடம். மரையின் அளவு வேறுபட்டால், லேத்தில் சரியான பித்தளை அடாப்டர் கடைந்து வாங்குங்கள். ஒவ்வாத மரையை ஸ்பானரின் பலத்தால் ஏற்றினால் ஹெட்டின் மரை போய்விடும். அடாப்டர் மிக நீளமாக இருந்தால் குமிழ் அதற்குள்ளேயே ஒதுங்கி, ஓடும் தண்ணீரைத் தொடாமல், உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். சிலர் துளை தேடும் சிரமம் வேண்டாம் என்று ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி அதில் குமிழை வைக்கிறார்கள். அது, தண்ணீர் சூடானதும் திறந்து அதை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டுக்கு அப்பால் உள்ள இடம். தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொண்டால், எஞ்சினுக்குள் தண்ணீர் கொதிக்கும்போதும் ஹோஸ் பக்கம் குளிர்ந்தே இருக்கும். குமிழ் எப்போதும் எஞ்சின் பக்கத்தில் இருக்கட்டும். நட்டை முறுக்கும்போது குழாயும் சேர்ந்து திருகிக்கொள்ளாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வேலைகள் எல்லாமே எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரியாக மாட்டிய மீட்டரும் தண்ணீரின் சூட்டைத்தான் சொல்லும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் வெளியேறி, குமிழைச் சுற்றி ஆவியும் காற்றுமே மிஞ்சினால், ஏறிக்கொண்டிருந்த முள் சட்டென்று இறங்கும். ஏற்றத்தில் முள் அப்படி விழுந்தால் எஞ்சின் ஆறிவிட்டது என்று எண்ணி ஓட்டாதீர்கள். உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள்.

பொருத்துவதற்கு முன் மீட்டரைச் சோதிக்க ஒரு பாத்திரம் வெந்நீரும் ஒரு வெப்பமானியும் போதும். குமிழை மட்டும் கொதிக்கும் நீரில் அமிழ்த்தி, முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எங்கள் ஊரில் அது கிட்டத்தட்ட 99 டிகிரியில் நிற்க வேண்டும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அங்கிருந்து ஒருவர், 100 காட்டவில்லை என்று நல்ல மீட்டர்கள் இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அவரிடம் மீட்டரை விட்டுவிட்டு ரேடியேட்டர் மூடியைக் காட்டச் சொன்னேன். ரப்பர் வெடித்திருந்தது. அழுத்தம் நிற்காத அந்த மூடியோடு, மலை உச்சியில் அவர் வண்டித் தண்ணீரும் அதே 93 டிகிரியில்தான் கொதிக்கத் தொடங்கும். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால், அதற்கு மேல் இன்னும் 10 டிகிரியாவது ஏறிய பிறகே தண்ணீர் கொதிக்கும்; புது மீட்டர் வாங்கும்போதே அந்த மூடியையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.