பெரிமெனோபாஸ்: நிறுத்தமா, ஓய்தலா?

"நிக்கிற சமயம்ல, அப்படித்தான் இருக்கும்." மார்கழிக் குளிரில் நடுராத்திரி எழுந்து, திண்ணையில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த என் பெரியம்மாவைப் பார்த்துப் பாட்டி சொன்னது இது. எது நிற்கிறது என்று பாட்டியும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எழுவாய் இல்லாத வாக்கியம். நிற்பது மாதவிடாய் என்பதும், அந்தச் 'சமயத்துக்கு' மருத்துவத்தில் பெரிமெனோபாஸ் என்று பெயர் இருப்பதும் எனக்குத் தெரிய இருபது வருடம் ஆனது.

சொல்லைப் பிரித்தால் மூன்று கிரேக்கத் துண்டுகள். 'பெரி' என்றால் சுற்றி, 'மென்' என்றால் மாதம், 'பௌசிஸ்' என்றால் நிற்றல். கிரேக்கம் என்றதும் பழங்காலச் சொல் என்று நினைத்துவிட வேண்டாம். மெனோபாஸ் என்பதை உருவாக்கியவர் தெ கார்டான் என்ற பிரெஞ்சு மருத்துவர். 1816-இல் வந்த நூலில் 'மெனெஸ்பௌசி' என்று எழுதி, 1821 பதிப்பில் அதையே சுருக்கினார். அதற்கு முன்பே ஐரோப்பாவில் 'கிளைமாக்டெரிக்' என்ற சொல் இருந்தது. ஏணிப்படி என்ற பொருளில் பிறந்தது அது. நெருக்கடியான வயதுகளைப் படிகளாக எண்ணிய காலத்து வழக்கம். 'பெரி' என்ற முன்னொட்டு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த முன்னொட்டைத்தான் தமிழில் அடிக்கடி தவறவிடுகிறோம். துண்டறிக்கைகளில் 'மாதவிடாய் நிறுத்தத்துக்கு முந்தைய நிலை' என்று போடுகிறார்கள். 'பெரி' என்றால் முன் அல்ல. கணக்கில் பெரிமீட்டரைச் சுற்றளவு என்கிறோமே, அந்த 'பெரி'தான் இதுவும். உலக சுகாதார நிறுவனம் 1996-இல் தந்த வரையறையும் இதை உறுதிப்படுத்துகிறது: மாற்றங்கள் தொடங்குவதிலிருந்து கடைசி மாதவிடாய்க்கு அடுத்த ஓராண்டு முடியும்வரை பெரிமெனோபாஸ். கடைசி மாதவிடாய் கடைசியானது என்று அன்றைக்கே யாருக்கும் தெரியாது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான், திரும்பிப் பார்த்து, 'ஓ, அதுதான் கடைசி' என்று சொல்ல முடியும்.

எனக்குப் பெரிய தகராறு 'நிறுத்தம்' என்ற சொல்லோடுதான். நில் என்பது தன்வினை, நிறுத்து என்பது பிறவினை. தானாக நிற்பதை நிற்றல் என்கிறோம், ஒருவர் செய்தால் நிறுத்தம். பேருந்து நிறுத்தம், வேலைநிறுத்தம், போர்நிறுத்தம் எல்லாவற்றிலும் நிறுத்த ஓர் ஆள் இருக்கிறார். அறுவை சிகிச்சையில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் அது மாதவிடாய் நிறுத்தம்தான், சந்தேகமில்லை. வயதாகி நிற்பதற்கு அந்தச் சொல் பொருந்தாது. அப்புறம், நிறுத்தம் என்பது ஒரு புள்ளி. பெண்கள் வாழ்வது புள்ளியில் அல்ல, சராசரியாக நான்கு ஆண்டு, சிலருக்கு அதைவிட அதிகமாக நீளும் ஒரு காலத்தில்.

அந்தக் காலத்தில் உடம்பில் நடப்பதும் படிப்படியான இறக்கம் இல்லை. சினைமுட்டை சில மாதம் வெளிவரும், சில மாதம் வராது. வராத மாதத்தில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரப்பது குறையும். ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோனோ ஒரு வாரம் எக்கச்சக்கமாக ஏறும், அடுத்த வாரம் சரியும். முன்பு கடிகாரம்போல வந்தது ஏழு நாள், பத்து நாள் முன்னே பின்னே போகும். பின்னர் இரண்டு மாதம் காணாமலே போய், திடீரென்று கொட்டித் தீர்க்கும். குப்பென்று வியர்ப்பது, தூக்கம் கலைவது, நெஞ்சு படபடப்பது, மூட்டு வலி, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் இதோடு சேர்ந்து வரலாம். வீட்டில் இதற்கு ஒரே விளக்கம், 'உடம்புச் சூடு'.

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, இது அதுதான். தமிழில் மழை நிற்கும், விடும், வெறிக்கும், ஓயும். விட்டுவிட்டுப் பெய்து, அடங்கி, மறுபடி ஒரு பாட்டம் அடித்து முடிவதற்கு ஓய்தல் என்பதே சரியான சொல். ஆகவே பெரிமெனோபாஸுக்கு 'மாதவிடாய் ஓயும் பருவம்', மெனோபாஸுக்கு 'மாதவிடாய் நிற்றல்' என்பது என் கட்சி. விடாய் என்றால் தாகம், களைப்பு. இந்தப் பருவத்தில் அந்தக் களைப்பு ஓயாமல் கூடுகிறது என்பது வேறு விஷயம்.

பழைய இலக்கியத்தில் இதற்குச் சொல் கிடைக்குமா என்று தேடினால் ஒரு வேடிக்கை. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று பெண்ணின் பருவங்கள் ஏழு. பரவலாகச் சொல்லப்படும் கணக்கில் பேரிளம்பெண்ணுக்கு வயது 32 முதல் 40 வரை. அங்கே பட்டியல் முடிந்துவிடுகிறது. பெரும்பாலோருக்கு ஓயும் பருவம் தொடங்குவதே நாற்பதுகளில்! உலா வரும் தலைவனைப் பார்த்து மயங்க வேண்டிய பெண்களின் பட்டியல் அது, வியர்த்துப்போய்த் திண்ணையில் உட்காருகிறவளுக்கு அதில் என்ன வேலை? பூப்புக்குப் பந்தல், மஞ்சள் நீராட்டு, உளுந்தங்களி, நல்லெண்ணெய் எல்லாம் உண்டு. ஓய்வதற்கு ஒரு சொல்கூட இல்லை.

உளுந்தங்களியை இப்போதும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் இந்த வயதில் நான் முதலில் நினைக்கச் சொல்வது எலும்பை. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது எலும்பின் அடர்த்தி வேகமாகக் கரைகிறது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. எள், தயிர், நெத்திலி எல்லாமே உதவும். நடைப்பயிற்சி நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. தசைக்கும் எலும்புக்கும் எடை தூக்கும் பயிற்சி வேண்டும். வீட்டில் குனிந்து நிமிர்ந்து செய்கிற வேலையை அதற்கு ஈடாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

45 வயதைத் தாண்டியவருக்குப் பெரும்பாலும் ஹார்மோன் பரிசோதனையே தேவைப்படாது, அறிகுறிகளை வைத்தே சொல்லிவிடலாம். இன்றைக்கு எடுத்த அளவு அடுத்த வாரம் மாறிவிடும் என்பதால் ஒற்றைச் சோதனைக்கு மதிப்புக் குறைவு. தைராய்டையும் ரத்தசோகையையும் மட்டும் பார்த்துவிடுவது நல்லது, இரண்டும் இதே வேடத்தில் வரும். தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்கு வெக்கை வந்தால் ஹார்மோன் சிகிச்சை இருக்கிறது. 2002-இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வைத் தொடர்ந்து அதன்மீது பெரும் பயம் படர்ந்தது. 60 வயதுக்கு உட்பட்ட, அல்லது நின்று பத்தாண்டு ஆகாத, வேறு தடை இல்லாத பெண்களுக்கு நன்மையே மிகுதி என்பது இன்றைய மருத்துவ நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோயோ ரத்தம் உறையும் சிக்கலோ இருந்தவர்கள் மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும்.

ஓயும் பருவத்தில் கருத்தரிக்கவும் முடியும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மணிக்கொரு நாப்கின் நனைகிற அளவு போக்கு இருந்தால், 'நிக்கிற சமயம்ல' என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. முழுதாக 12 மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டு தெரிந்தாலும் அதைத் தூவானம் என்று விட்டுவிடாமல், அந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.