விசாகனும் வெள்ளிக்கிழமைப் பிள்ளைகளும்

வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில், பாறைக்குகை ஒன்றில் பிராமி எழுத்தில் ஒரு வரி வெட்டப்பட்டிருக்கிறது. 'தமேட வணிகனான கஹபதி விசாகனின் குகை' என்பது அதன் பொருள். தமேட என்பதைத் தமிழன் என்றே ஆய்வாளர்கள் கொள்கின்றனர். கஹபதி என்றால் குடும்பத் தலைவன். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்தச் சொற்களில் என்னை நிறுத்துவது விசாகன் என்ற பெயர்தான். அது ஒரு நட்சத்திரத்தின் பெயர். இன்ன நட்சத்திரத்தில் பிறந்தவனை விகுதி ஏதும் சேர்க்காமல் அந்த நட்சத்திரத்தின் பெயராலேயே அழைக்கலாம் என்று பாணினி தமது வடமொழி இலக்கணத்தில் விதி வகுத்து, அதற்குரிய நட்சத்திரங்களைப் பட்டியலிடுகிறார். அதில் விசாகமும் உண்டு.

ஒரு பெயரின் பொருளை அகராதியில் தேடுவதைவிட, எந்த விதி அந்தப் பெயரைப் பிறப்பித்தது என்று கேட்பதே கூடுதலாகப் பயன் தரும் என்பது என் எண்ணம். டினேஸ் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். தினேசன் என்றால் பகலின் தலைவன், சூரியன். ஆனால் அது ஏன் 'டி'யில் தொடங்குகிறது என்பதற்கு அகராதியில் விடை இல்லை, பஞ்சாங்கத்தில் இருக்கலாம்.

நிலா வானத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 27.3 நாள் எடுக்கிறது. அது செல்லும் பாதையை 27 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 13 பாகை 20 கலை வரும். அதுவே ஒரு நட்சத்திரம், நிலாவுக்கு அது ஏறக்குறைய ஒரு நாள் வழி. ஒவ்வொரு நட்சத்திரத்தையும் நான்கு பாதமாக்கினால் மொத்தம் 108 பாதம். ஒரு பாதத்தைக் கடக்க நிலாவுக்குச் சுமார் ஆறு மணித்தியாலம் போதும். பாதத்துக்கு ஓரெழுத்து என்று 108 எழுத்துகள் வகுக்கப்பட்டுள்ளன. அச்சுவினிக்குச் சு, சே, சோ, லா. பூரத்துக்கு மோ, ட, டி, டு. ஆகவே பிறந்த முப்பத்தோராம் நாள் பெயர் வைக்கும்போது முதலெழுத்தைத் தீர்மானிப்பது, பிரசவ விடுதியில் தாதி குறித்துக் கொடுத்த நேரம்.

அந்த நேரம் சரியாக இருந்தாலும் சிக்கல் தீராது, ஏனெனில் நம்மிடையே வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்கள் புழங்குகின்றன. நட்சத்திரம் முடியும் நேரம் ஒன்றுக்கொன்று சில மணித்தியாலங்கள் வேறுபடுவதுண்டு. என் தங்கைக்கு மகள் பிறந்தபோது ஒன்று பூரம் நாலாம் பாதம் என்றது, மற்றது உத்தரம் முதலாம் பாதம் என்றது. அதாவது 'டு' அல்லது 'டே'. அம்மா இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, "புதூர் நாகதம்பிரானுக்கு நேர்ந்து பிறந்த பிள்ளை, நாகேஸ்வரி எண்டு வையுங்கோ" என்றார். பிறப்புப் பதிவில் டேனுகா என்றும் வீட்டில் நாகு என்றும் முடிந்தது.

இந்த 108 எழுத்துகளும் வடமொழி ஒலி வரிசையில் அமைந்தவை. தொல்காப்பியம் சொல்லுக்கு முதலில் வராது என்று விலக்கிய ட, ர, ல மூன்றும் அதில் தாராளமாக உண்டு. முன்னைய தலைமுறை அதற்கு ஓர் உயிரெழுத்தை முன்னே வைத்து இராசையா, இலட்சுமி, உருத்திரன் என்று தமிழாக்கிக்கொண்டது. பின்வந்தவர்கள் அந்த உயிரைக் கழற்றிவிட்டார்கள். திருவாதிரை மூன்றாம் பாதத்துக்குரிய 'ங' எழுத்தில் பெயர் வைத்த எவரையும் நான் கண்டதில்லை. 1990களிலும் அதன் பின்னும் விடுதலைப் புலிகளின் நிர்வாகம் தூய தமிழ்ப் பெயர்களை ஊக்குவித்தபோது, வன்னியில் பல வீடுகள் நட்சத்திர எழுத்தைக் கைவிட்டு யாழினி, செந்தூரன், கயல்விழி என்று வைத்தன. அந்தப் பெயர்களைக் கொண்டு ஒருவரின் வயதை ஓரளவு ஊகிக்கலாம்.

வங்காள விரிகுடாவின் மறுகரையிலும் இதே போன்ற பொறி இயங்குகிறது. பர்மிய மரபில் நட்சத்திரத்தின் இடத்தில் கிழமை நிற்கிறது: திங்களுக்குக் ககர வரிசை, வியாழனுக்குப் பகர வரிசை, ஞாயிறுக்கு உயிரெழுத்துகள். நமக்குப் பயன்படாத 'ங' அங்கே திங்கட்கிழமைக்கு உரியது. வெள்ளி என்ற உலோகத்தைக் குறிக்கும் 'ங்வே' அங்கே ஆட்பெயர்களில் வழக்கமாக வரும் சொல். ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகமாக இருந்த ஊ தாண்ட் 1909 ஜனவரி 22ஆம் திகதி வெள்ளிக்கிழமை பிறந்தவர். அவர் பெயரின் முதலெழுத்து வெள்ளிக்குரியது. 'ஊ' என்பது வெறும் மரியாதை அடைமொழி. கானாவின் அக்கான் மக்கள் எழுத்தையும் விட்டுவிட்டுக் கிழமையையே பெயராக்குகின்றனர். அதே பதவியில் பின்னர் அமர்ந்த கோஃபி அனானின் 'கோஃபி' என்பதற்கு வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் என்று பொருள்.

அழகுக்கும் கிழமைக்கும் தொடர்பில்லாத இன்னொரு விதி உண்டு: சாவை ஏமாற்றுவது. பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீடுகளில் யமன் விரும்பாதபடி குப்பை, பிச்சை என்று பெயர் வைத்தார்கள். மலையகத்திலிருந்து 1977க்குப் பின் வன்னியில் குடியேறிய முதியவர்களிடையே குப்பம்மாக்கள் இருந்தார்கள். மொங்கோலியாவில் 'நெர்குய்' என்றால் பெயரில்லாதவர்; உஸ்பெக் மக்களின் 'துர்சுன்' என்றால் நிலைத்திருக்கட்டும்; நைஜீரியாவின் யொரூபா மொழியில் 'துரோஜையே' என்றால் இருந்து வாழ்வை அனுபவி. ஒன்றையொன்று அறியாத தாய்மார் ஒரே அச்சத்துக்கு ஒரே மருந்தைக் கண்டிருக்கிறார்கள்.

குடும்பப் பெயர் மட்டும் பெரும்பாலும் வீட்டில் பிறந்ததல்ல, அரசாங்கப் பதிவேட்டில் பிறந்தது. யப்பானில் 1875இலும் துருக்கியில் 1934இலும் சட்டம் போட்டே அதைக் கட்டாயமாக்கினார்கள். டென்மார்க்கில் தலைமுறைதோறும் மாறிவந்த தந்தை பெயரை உறையவைக்க 1828இல் ஆணை பிறந்தது. ஹான்ஸின் மகன் என்ற பொருளிலிருந்த ஹான்சன், அதன்பின் ஹான்ஸ் என்ற தந்தை இல்லாதவருக்கும் பெயராயிற்று. ஐஸ்லாந்தோ இன்றும் பெரும்பாலும் நம்மைப் போலவே தந்தை பெயரோடு நிற்கிறது.

நம்மவர்களுக்கு அந்த உறைவு விமான நிலையத்துக்கு அப்பால் நிகழ்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் என் பெரியம்மாவின் மகளுக்குத் தந்தையின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. தாயைக் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போன அன்று, "திருமதி கந்தையா" என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டது மகளை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனவர் பெரியம்மா.