95 சதவீதம் சரி, எத்தனை பேரில்?

மென்பொருள் நிறுவனத்தில் புரோகிராம் எழுதுவதோடு ஆள் எடுக்கும் வேலையும் பல வருடமாக என் தலையில்தான். முதுகலை கணினி அறிவியல் சேரப்போகும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "சார், இந்த யுனிவர்சிட்டி என்ன ரேங்க்?"

ரேங்க் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு பாருங்கள். யுஎஸ் நியூஸ் வெளியிடும் அமெரிக்கக் கணினி அறிவியல் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். ஒரு பல்கலைக்கழகத்தின் துறைத் தலைவர்களும் பட்டமேற்படிப்பு இயக்குநர்களும் மற்றவற்றின் முனைவர் படிப்புக்கு 1 முதல் 5 வரை மார்க் போடுகிறார்கள். அந்த மார்க்தான் பட்டியல். சிஎஸ்ரேங்கிங்ஸ் தளம் முக்கிய மாநாடுகளில் பேராசிரியர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளை எண்ணுகிறது. ஆராய்ச்சிக்குப் போகிறவருக்கு இது தங்கமான தகவல். இரண்டு வருடம் படித்துவிட்டு வேலைக்குப் போகிறவருக்கு? படித்தவர்களுக்கு வேலை கிடைத்ததா என்று இந்த இரண்டு பட்டியலும் பார்ப்பதே இல்லை.

அதற்குத்தான் பிளேஸ்மென்ட் பக்கம் இருக்கிறதே என்பீர்கள். சூட்சுமமே அங்கேதான். படிப்பை முடித்தவர்கள் 200 பேர் என்று வையுங்கள். துறை அனுப்பிய படிவத்தை 80 பேர் நிரப்பினார்கள், அவர்களில் 76 பேருக்கு வேலை. "95 சதவீதம் வேலைவாய்ப்பு" என்று கொட்டை எழுத்தில் போடலாம், பொய்யும் இல்லை. ஆனால் வேலை கிடைத்ததாக நமக்கு உறுதியாகத் தெரிவது 200-ல் 76 பேருக்கு மட்டும். வேலை கிடைக்காமல் திண்டாடுகிறவருக்கு அந்தப் படிவத்தை நிரப்ப மனசு வருமா? அதனால் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் பதில் சொன்னார்கள், படிப்பு முடிந்து எத்தனை மாதம் கழித்துக் கேட்டார்கள் என்று துறைக்கே எழுதிக் கேளுங்கள். பகுதிநேர வேலையையும் கணக்கில் சேர்த்தார்களா என்பதும் முக்கியம். சம்பளத்தில் சராசரி வேண்டாம், மீடியன் கேளுங்கள், அதாவது எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம். நாலு பேர் பெரிய சம்பளத்தில் போனால் சராசரி எகிறிவிடும்.

இன்னொரு வழி, ஒரு சாயங்காலம் உட்கார்ந்து லிங்க்ட்இனில் கடந்த இரண்டு வருடத்தில் முடித்த முப்பது பேரையாவது பார்ப்பது. இப்போதைய பதவி வேண்டாம், பட்டத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வேலையைப் பாருங்கள். பட்டத்துக்கு முன்பு எங்கே இருந்தார் என்பதையும் பாருங்கள். பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவரும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெருமைக் கணக்கில் வந்துவிடுவார்.

பாடப் பட்டியலை நம்பாதீர்கள். கடந்த இரண்டு செமஸ்டரின் கால அட்டவணையைத் தேடி எடுங்கள். பட்டியலில் ஐம்பது பாடம் இருக்கும், நடந்தது பதினைந்தாக இருக்கும், மெஷின் லேர்னிங் வகுப்புக்குக் காத்திருப்போர் வரிசை வேறு.

ஒரே வாரத்தில் இரண்டு பேரை நேர்காணல் செய்தேன். முதலாமவர் எல்லோருக்கும் தெரிந்த பெரிய பெயரிலிருந்து வந்தவர். ரெஸ்யூமேவில் டிஸ்ட்ரிபியூட்டட் டேட்டாபேஸ், அதாவது தரவைப் பல சர்வர்களில் பிரித்து வைக்கும் புராஜெக்ட் இருந்தது. "எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு சர்வர் விழுந்தால் என்ன ஆகும்?" என்றேன். அந்தப் பகுதியை டீமில் வேறொருவர் செய்தார் என்றார். இரண்டாமவரின் பல்கலைக்கழகப் பெயரை நான் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்துக்கு ஒரு வருடம் டீச்சிங் அசிஸ்டென்ட்டாக, அதாவது பேராசிரியருக்குத் துணையாக மாணவர்களுக்கு உதவுகிறவராக இருந்தவர். மாணவர் ஒருவரின் புரோகிராம் பத்து முறை ஓடினால் ஒருமுறை மட்டும் தொங்கிப்போனதாம். அதற்குள் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைகள் (த்ரெட்கள்) ஆளுக்கொரு பூட்டை (லாக்) பிடித்துக்கொண்டு மற்றதற்காகக் காத்து நின்றதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று போர்டில் வரைந்தே காட்டினார். அரைமணி நேரம் போனதே தெரியவில்லை. அவரைத்தான் எடுத்தோம்.

அந்த மாதிரி டீச்சிங் அசிஸ்டென்ட் இடங்கள் முதுகலை மாணவர்களுக்குக் கிடைக்குமா, இல்லை முனைவர் மாணவர்களுக்கே போய்விடுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். நிறைய துறைகளில் முனைவர் மாணவர்களுக்குத்தான் முதலிடம்.