கேன் தண்ணீரும் ஒன்றுக்கு நாற்பதும்

மணக்குடிப் பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தெருவில் கேன் தண்ணீர் ஆலை வந்து மூன்று வருடமாகிறதாம். வீட்டுக் கிணற்றில் தண்ணீர் குறையவில்லை. ஆனால் சோப்பு நுரைக்க மாட்டேன் என்கிறது, பருப்பு வேக மாட்டேன் என்கிறது. "ரெண்டு மழையும் பெய்யற மாவட்டம் நம்ம குமரி. இங்கே எப்படித் தண்ணிக் கஷ்டம் வரும்? கேன்தான் காரணமா, இல்லை சும்மா ஆலை மேலே பழி போடுறோமா?"

முதலில் கணக்கு. நாளைக்கு ஆயிரம் கேன் நிரப்பும் ஆலை என்று வைத்துக்கொள்வோம். கேனுக்கு 20 லிட்டர் வீதம் 20,000 லிட்டர். உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் உள்ளே போகும் தண்ணீரில் ஒரு பகுதியைக் கழிவாக வெளியே தள்ளும். பாதிக்குப் பாதி என்றால், மண்ணிலிருந்து இழுப்பது 40,000 லிட்டர். வருடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கோடி. கேட்கவே பயமாக இருக்கும். அப்புறம் நெல்லைப் பாருங்கள். ஒரு போகத்துக்கு வயலில் சுமார் 1,200 மி.மீ. தண்ணீர் வேண்டும். ஏக்கருக்கு அது 48 லட்சம் லிட்டர். ஆக, ஆலை வருடம் பூராவும் இழுப்பது மூன்று ஏக்கர் கன்னிப்பூ (முதல் போக நெல்) சாகுபடிக்கான தண்ணீர். பேச்சிப்பாறை அணையை நம்பியிருக்கும் வயல்களோடு ஒப்பிட்டால் இது ஒரு மூலைக்குக் காணாது. மாவட்டத்துத் தண்ணீரையே கேன் குடித்துத் தீர்த்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, அப்படியானால் ஆலை மேல் குற்றமே இல்லையா? அவசரப்படாதீர்கள். வயலுக்குப் பாய்ந்த தண்ணீரில் ஒரு பங்கு அதே ஊர் மண்ணுக்குள் இறங்கி, பக்கத்துக் கிணறுகளில் ஊறும். கேனில் அடைத்த தண்ணீர் குட்டி யானை வண்டியில் ஏறி நாகர்கோவிலுக்குப் போய்விடும்; அங்கே யாரோ குடித்து, அங்கேயே சாக்கடையில் சேரும். எடுத்த இடத்துக்குத் திரும்பாது. ஆலை இழுக்கும் அந்த ஒன்றரைக் கோடி லிட்டரை ஈடுகட்ட எவ்வளவு நிலத்து மழை வேண்டும்? ஆண்டுக்கு ஒரு மீட்டர் மழை பெய்து அதில் பத்தில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்குவதாக வைத்தால், சுமார் 15 ஹெக்டேர். அத்தனையும் ஒரே குழாய் வழியாக, ஒரே புள்ளியிலிருந்து வெளியேறுகிறது. மோட்டார் ஓடும்போது அந்தப் புள்ளியைச் சுற்றி நிலத்தடி நீர்மட்டம் புனல்போலக் குழிகிறது. மேட்டு நிலத்துப் பாறைப் பகுதியில் இதனால் பக்கத்துக் கிணறு வற்றும். கடலோரத்தில் நடப்பது வேறு. எனக்கு ரொம்பப் பிடித்த இயற்பியல் அங்கேதான் இருக்கிறது.

கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. ஐஸ் கட்டி தண்ணீரில் மிதப்பதைப் போலவேதான். ஐஸ் கட்டியில் பத்தில் ஒன்பது பங்கு முங்கிக் கிடக்கும். நல்ல தண்ணீர் அதைவிட மோசம். அதன் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025. வித்தியாசம் 0.025. ஒன்றை 0.025-ஆல் வகுத்துப் பாருங்கள்: 40. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், அதைத் தாங்க மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் நல்ல தண்ணீர் இருக்கும். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்துக்காரர் படோன் கைபெனும், 1901-ல் வட கடலின் நார்டெர்னி தீவுக் கிணறுகளை ஆராய்ந்த ஜெர்மானியர் ஹெர்ட்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டது இது. ஒன்பதாம் வகுப்பு மிதத்தல் பாடம்தான், தண்ணீரே தண்ணீரில் மிதக்கிறது, அவ்வளவுதான். எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு இது அலுத்ததே இல்லை.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் வயிற்றைக் கலக்கும். மேலே ஒரு மீட்டர் இறங்கினால், கீழே உப்பு 40 மீட்டர் ஏற வேண்டும். மோட்டார் வைத்து அரை மீட்டர் மட்டம் இறக்குகிறோம். கிணற்றில் எட்டிப் பார்க்கிற யாருக்கும் அது குறையாகவே தெரியாது. அடியிலோ, அந்தக் குழாய்க்கு நேர் கீழே, உப்பு நீர் 20 மீட்டர் எழும்பப் பார்க்கிறது. மேலே குழிந்த புனல், கீழே நிமிர்ந்த கூம்பு. உடனே நடந்துவிடாது, மாதங்கள், வருடங்கள் ஆகும். இரண்டு தண்ணீருக்கும் நடுவில் கத்தியால் வெட்டிய கோடும் கிடையாது, இரண்டும் கலந்த ஓர் இடைப்பகுதி உண்டு. நல்ல மழை பெய்தால் உப்பு மறுபடி கீழே அமுங்கும். ஆனால் வாசகி சொன்னது இப்போது புரியும்: தண்ணீர் குறையாமலே கிணறு கெடலாம்.

என் பாட்டிக்கு இந்த விதி தெரியாது, ஆனால் பழக்கம் தெரியும். கோடை விடுமுறைக்குப் போனால் கிணற்றில் தகர வாளியை விட மாட்டாள். பனையோலைப் பட்டைதான். வாளி 'தொபுக்'கென்று முங்கி அடித் தண்ணீரைக் கலக்கிவிடும். பட்டை மேலாகவே கிடந்து அள்ளும். "மக்களே, முக்காதே. மேலாக் கோரு" என்று திண்ணையிலிருந்தே சத்தம் வரும். உப்புக்கு மேலே படர்ந்த மெல்லிய நல்ல தண்ணீரை அலுங்காமல் எடுக்கிற வித்தை அது. இப்போது அதே கிணற்றின் அடியில் மோட்டாரின் உறிஞ்சுகுழாய் உட்கார்ந்திருக்கிறது.

ஆலையைப் பொறுத்தவரை இதில் ஒரு குரூரமான வேடிக்கை உண்டு. கிணறு உப்பானால் பாட்டிக்குத்தான் பிரச்சினை. ஆலைக்கு இல்லை. உப்பைப் பிரிப்பதுதானே ஆர்.ஓ.வின் வேலை? கழிவு கொஞ்சம் கூடும், அதற்காக இன்னும் கொஞ்சம் இழுப்பார்கள், கூம்பு இன்னும் கொஞ்சம் எழும். கிணறு கரித்துப்போன வீடுகள் கேன் வாங்கத் தொடங்கும். பக்கத்துக் கேரளத்தில், பாலக்காட்டுப் பிளாச்சிமடையில் 2000-ல் தொடங்கிய குளிர்பான ஆலை, கிணறுகள் கெட்டுப்போனதாக மக்கள் போராடியதைத் தொடர்ந்து 2004-ல் மூடப்பட்டது. அங்கே கடல் இல்லை. இங்கே கடல் காத்துக்கொண்டிருக்கிறது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். தெருவில் நாற்பது வீட்டு மோட்டார்கள் ஓடினால் அவையும் சேர்ந்து இதே வேலையைத்தான் செய்யும். தூர்ந்த குளம், மணல் அள்ளிய ஆறு எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. யார் எவ்வளவு என்று பிரிக்க, கடலோரம் நெடுக வெவ்வேறு ஆழத்தில் உப்பை அளக்கும் சிறு குழாய்கள் போட வேண்டும். செலவு பெரிதில்லை. ஆனால் அடிக்கல் நாட்டவோ ரிப்பன் வெட்டவோ முடியாத வேலைக்கு யார் பணம் ஒதுக்குவார்கள்? நாமும் அப்படித்தான்: உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவருக்குத் தட்சிணை கொடுக்க யோசிப்பதில்லை. கடற்கரை மணலில் தேங்காய் நிமிர்ந்தாலும் தண்ணீர் வரும், நிமிராவிட்டாலும் வரும். எந்த ஆழத்தில் நிறுத்த வேண்டும் என்பதுதான் அங்கே கேள்வி. அதைத் தேங்காய் சொல்லாது.

வாசகிக்கு: போர்வெல்லை இன்னும் ஆழமாக்கச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள், உப்பை நோக்கித்தான் போவீர்கள். உறிஞ்சுகுழாயை மேலே தூக்கிக் கட்டுங்கள். ஒரே மூச்சில் ஓட்டாமல் விட்டுவிட்டு ஓட்டுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி, காலையில் மோட்டார் போடுமுன் ஒரு தடவை, சாயங்காலம் ஓட்டி முடித்ததும் ஒரு தடவை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். ஆலை ஓடாத நாட்களைத் தனியாகக் குறியுங்கள். இரண்டு மாத எண்கள் சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.